கேரளக் கல்வி முன்வடிவும் ஜோசப் முண்டசேரியின் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

மலையாள இலக்கியத் திறனாய்வாளரும் கேரள மாநிலத்தின் முதல் கல்வி அமைச்சருமான ஜோசப் முண்டசேரியின் (1903–1977) வாழ்க்கையை, அவர் பேரவையில் கொண்டுவந்த கல்விச் சட்ட முன்வடிவின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. தெரிவுக்குழு, பேரவை, உச்ச நீதிமன்றம், மீண்டும் பேரவை என நகர்ந்த அம்முன்வடிவில் ஆசிரியரின் ஊதியம், ஆசிரியர் நியமனம் ஆகிய இரு பிரிவுகள் அடைந்த வெவ்வேறு முடிவுகள் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன.

முக்கியச் சொற்கள்: முண்டசேரி, கல்வி முன்வடிவு, தெரிவுக்குழு, தாளாளர், சிறுபான்மையினர் உரிமை, நியமனம்.

முன்னுரை

சட்டம் ஒன்று நிறைவேறிய பின்னர் அதன் இறுதி வடிவமே நூல்களில் இடம்பெறுகிறது. அவ்வடிவத்தை அடையும் முன் அது எங்கெங்கு திருத்தப்பட்டது, எச்சொல் நின்றது, எச்சொல் நீங்கியது என்பவை பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. கேரளக் கல்விச் சட்டத்தைப் பொறுத்தவரை இத்திருத்தங்களின் வரலாறே அதன் உண்மையான வரலாறு எனலாம். அச்சட்டத்தை முன்மொழிந்தவர் தம் வாழ்வின் பெரும்பகுதியைத் தனியார் கல்லூரி ஆசிரியராகக் கழித்தவர். ஆகவே முன்வடிவின் பிரிவுகளை அவருடைய வாழ்வோடு இணைத்துப் பார்ப்பது பொருத்தமுடையதாகிறது.

ஆசிரியரும் திறனாய்வாளரும்

முண்டசேரி 1903 ஜூலை 17 அன்று திருச்சூரை அடுத்த கண்டசாங்கடவில், சிரியன் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், பின்னர் மொழி இலக்கியத்தின் பக்கம் திரும்பிச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமற்கிருதமும் மலையாளமும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். திருச்சூர்ப் புனித தோமையார் கல்லூரியில் கீழைமொழித் துறைத் தலைவராக 1952 வரை பணியாற்றினார். அது திருச்சபை நடத்திய கல்லூரி. தனியார் நிர்வாகத்தின்கீழ் ஆசிரியர் ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதை உள்ளிருந்தே அறியும் வாய்ப்பு அவருக்கு அங்கு அமைந்தது. கல்லூரி ஆசிரியரின் வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவலுக்கு புரொஃபசர் என்றே பெயரிட்டார்.

திறனாய்வில் அவர் பெற்ற இடம் பெரிது. காவ்யபீடிகை என்னும் நூலில் இரசம், தொனி முதலிய இந்தியக் கவிதையியல் கோட்பாடுகளையும் மேலைத் திறனாய்வு முறைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். முற்போக்கு இலக்கிய இயக்கத்தில் முன்னின்றபோதும், கருத்து மட்டுமே இலக்கியமாகிவிடாது, வடிவச் செம்மையும் வேண்டும் என்று வாதிட்டார். ரூபபத்ரதா என்ற பெயரில் நிகழ்ந்த அவ்விவாதத்தில் இயக்கத் தோழர்களோடே அவர் முரண்பட நேர்ந்தது. தாம் சார்ந்த அணிக்குள்ளேயே மாற்றுக் கருத்தை முன்வைக்கத் தயங்காத அவருடைய இயல்பு இதனால் புலனாகிறது.

பேரவைக்கு வந்த பின்னணி

1948இல் கொச்சிச் சட்டமன்றத்திற்கும், 1954இல் திருவிதாங்கூர்–கொச்சிப் பேரவைக்கும் முண்டசேரி தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானது. திருவிதாங்கூர், கொச்சி ஆகிய பகுதிகளுடன், அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த மலபார் மாவட்டமும் இணைந்தது. ஆகவே புதிய மாநிலம் ஒரே கல்விச் சட்டத்தோடு பிறக்கவில்லை. மலபாரில் சென்னை மாநிலத்தின் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. தெற்கே பழைய சமஸ்தானங்களின் விதிகள் தொடர்ந்தன.

பள்ளிகளின் உடைமையும் இடத்திற்கு இடம் வேறுபட்டது. தெற்கில் திருச்சபைகளும் நாயர் சேவைக் கழகம், ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் போன்ற சமுதாய அமைப்புகளும் பள்ளிகளை நடத்தின. மலபாரில் தனிமனிதர்களே தாளாளர்களாக இருந்த தொடக்கப் பள்ளிகள் மிகுதி. இவற்றுள் பெரும்பாலானவை அரசின் நிதியுதவியால் நடந்தவை. ஆனால் ஆசிரியரை அமர்த்துவதும் நீக்குவதும் தாளாளர் கையிலேயே இருந்தன. ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு அதனினும் குறைந்த தொகையைப் பெறும் நிலை அக்காலத் தனியார் பள்ளி ஆசிரியர்களின் பொதுவான குறையாக இருந்தது.

இக்குறையைப் போக்கும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. திருவிதாங்கூர்–கொச்சியில் காங்கிரஸ் ஆட்சியின்போது பனம்பிள்ளி கோவிந்த மேனன், கட்டணத்தின் பெரும்பகுதியைப் பள்ளிகள் அரசிடம் செலுத்த, அரசே ஆசிரியர் ஊதியத்தை வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கும் நிர்வாகங்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஆதலின் முண்டசேரியின் முன்வடிவு முன்னோடியின்றித் தோன்றிய ஒன்றாகாது.

1957ஆம் ஆண்டின் முன்வடிவு

1957 தேர்தலில் மணலூர்த் தொகுதியிலிருந்து முண்டசேரி வெற்றிபெற்றார். 126 இடங்களில் பொதுவுடைமைக் கட்சிக்கு 60 இடங்கள் கிடைத்தன. சுயேச்சைகள் ஐவரின் ஆதரவோடு இ. எம். எஸ். நம்பூதிரிபாடு ஏப்ரல் 5 அன்று அமைச்சரவை அமைத்தார். கல்வித்துறை முண்டசேரியிடம் ஒப்படைக்கப்பட்டது. மிகக் குறுகிய பெரும்பான்மை கொண்ட அந்த அவையில், ஜூலை மாதம் கல்வி முன்வடிவை அவர் முன்வைத்தார்.

முன்வடிவின் மையமாக அமைந்தவை மூன்று பிரிவுகள். ஒன்பதாம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியத்தை அரசு நேரடியாகவோ தலைமையாசிரியர் வழியாகவோ வழங்க வகைசெய்தது. பன்னிரண்டாம் பிரிவு, ஊதிய விகிதம், ஓய்வூதியம், சேமநிதி, ஓய்வு வயது ஆகியவற்றில் அவ்வாசிரியர்களை அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இணையாக்கியது. அதிகாரியின் முன் ஒப்புதலின்றி எவரையும் பணிநீக்கம் செய்தலாகாது என்றது. பதினோராம் பிரிவு ஆசிரியர் நியமனத்தைப் பற்றியது. பேரவை நிறைவேற்றிய வடிவில், அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் வெளியிடும். தாளாளர் அப்பட்டியலிலிருந்தே நியமிக்க வேண்டும். தேர்வின்போது பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான இடஒதுக்கீட்டையும் ஆணையம் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது இப்பிரிவின் மற்றொரு கூறு. சமுதாயங்கள் நடத்திய பள்ளிகளில் அதுவரை நுழைய இயலாதவர்களுக்கு இது வாயில் திறப்பதாக இருந்தது.

இவற்றோடு, பள்ளி நிர்வாகத்தை ஐந்தாண்டு வரை அரசு ஏற்க 14ஆம் பிரிவும், குறிப்பிட்ட பகுதியில் ஒரு வகைப் பள்ளிகளை இழப்பீடு வழங்கிக் கையகப்படுத்த 15ஆம் பிரிவும் இடமளித்தன.

தெரிவுக்குழுவும் பேரவையும்

முன்வடிவு தெரிவுக்குழுவிற்கு அனுப்பப்பட்டது. ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒருங்கே அமர்ந்து பிரிவு பிரிவாக ஆராய்வதும், உடன்படாதவர் தம் மாறுபாட்டை எழுத்தில் பதிவதும், அறிக்கை அவைக்கு வந்தபின் ஒவ்வொரு பிரிவின்மீதும் திருத்தங்கள் முன்மொழியப்படுவதும் சட்டமன்ற மரபு. எதிர்க்கட்சித் தலைவர் பி. டி. சாக்கோ முன்வடிவைக் கடுமையாக எதிர்த்தார். அரசு அளிக்கும் பணத்திற்கு அரசிடம் பொறுப்பு இருக்க வேண்டும் என்பது அமைச்சர் தரப்பின் அடிப்படை. நிலமும் கட்டடமும் உழைப்பும் அளித்துப் பள்ளியை உருவாக்கியவரின் உரிமையை அரசு பறித்தலாகாது என்பது எதிர்த்தரப்பின் அடிப்படை. இரண்டுமே எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பல பகுதிகளில் அரசு பள்ளி தொடங்கும் முன்னரே திருச்சபைகளும் சமுதாய அமைப்புகளும் எழுத்தறிவைப் பரப்பியிருந்தன என்பதை மறுக்கவியலாது.

1957 செப்டம்பர் 2 அன்று பேரவை முன்வடிவை நிறைவேற்றியது. நிறைவேறிய வடிவில் இரு காப்புகள் குறிப்பிடத்தக்கவை. பள்ளிகளைக் கையகப்படுத்தும் அறிவிக்கைக்குப் பேரவையின் தீர்மானம் முன்கூட்டியே தேவை என 15ஆம் பிரிவு விதித்தது. சட்டத்தின்கீழ் அரசு வகுக்கும் விதிகள் அனைத்தும் பதினான்கு நாட்களுக்குக் குறையாமல் அவைமுன் வைக்கப்பட வேண்டும், அவற்றை அவை மாற்றலாம் என 37ஆம் பிரிவு கூறியது.

உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு

ஆளுநர் பி. இராமகிருஷ்ண ராவ் முன்வடிவைக் குடியரசுத் தலைவரின் முடிவிற்கு ஒதுக்கினார். குடியரசுத் தலைவர், அரசியலமைப்பின் 143ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு 1958 மே 22 அன்று கருத்துரைத்தது. கேரள அரசின் சார்பில் வாதிட்டவர்களுள் இங்கிலாந்து வழக்கறிஞர் டி. என். பிரிட் ஒருவர்.

அரசுக்கு வரம்பற்ற அதிகாரம் தரப்பட்டதால் சமத்துவ உரிமை மீறப்படுகிறது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பேரவைத் தீர்மானம், விதிகளை அவைமுன் வைத்தல் ஆகிய மேற்கண்ட இரு காப்புகளும் இம்முடிவிற்குத் துணைநின்றன. ஆனால் சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கும் 30(1)ஆம் உறுப்பை 14, 15ஆம் பிரிவுகள் மீறுவதாகக் கூறியது. புதிதாக ஏற்பிசைவு கோரும் சிறுபான்மைப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளில் கட்டணம் பெறுவதை 20ஆம் பிரிவு தடுத்ததையும் அவ்வாறே கருதியது. இக்கட்டணப் பொருளில் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர் மட்டும் மாறுபட்டார். ஆசிரியர் நியமனம் பற்றிய 11ஆம் பிரிவு உரிமையின் எல்லைக்கோட்டை நெருங்குவதாகக் கருதியபோதும், உதவி பெறும் பள்ளிமீது விதிக்கத்தக்க ஒழுங்குமுறையாக அதனை நீதிமன்றம் ஏற்றது.

முன்வடிவு மீண்டும் பேரவைக்கு வந்து, 1958 நவம்பரில் திருத்தங்களுடன் நிறைவேறியது. சிறுபான்மைப் பள்ளி என்பதற்கு விளக்கம் சேர்க்கப்பட்டது. 14, 15ஆம் பிரிவுகளிலிருந்து அப்பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1959 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று, அது 1959ஆம் ஆண்டின் 6ஆம் சட்டமாயிற்று.

தெருவும் சட்டமும்

குழுவிலும் அவையிலும் நீதிமன்றத்திலும் நிலைத்த 11ஆம் பிரிவைத் தாளாளர்கள் ஏற்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சேவைக் கழகமும் ஓரணியில் நின்றன. 1959 ஜூனில், புதிய கல்வியாண்டில் பள்ளிகளை மூடிவைக்கும் போராட்டம் தொடங்கியது. விமோசன சமரம் எனப்பட்ட அப்போராட்டத்தில் நிலச் சீர்திருத்தம் உள்ளிட்ட வேறு காரணங்களும் கலந்திருந்தன. ஜூன் 13 அன்று அங்கமாலியில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூடு நிலைமையை மேலும் கொதிக்கச் செய்தது. ஜூலை 31 அன்று மைய அரசு அமைச்சரவையைக் கலைத்தது. தாம் பிறந்த சமயத்தின் தலைமையே எதிரணியில் நிற்க, முண்டசேரி பதவியிழந்தார்.

1960இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் அமைந்த கூட்டணி அரசு அச்சட்டத்தை முற்றிலும் நீக்கவில்லை. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் 11ஆம் பிரிவை மாற்றி எழுதியது. தேர்வாணையத்தின் பட்டியல் நீங்கியது. உரிய தகுதியுடையோரைத் தாளாளரே நியமிக்கலாம் என்றாயிற்று. ஊதியத்தைப் பற்றிய 9ஆம் பிரிவின் அடிப்படை தொடப்படவில்லை. இதனால் ஊதியம் அரசுடையது, நியமனம் தாளாளருடையது என்னும் ஏற்பாடு நிலைபெற்றது. உதவி பெறும் பள்ளி நியமனங்களைப் பற்றிக் கேரளத்தில் தொடர்ந்து எழும் விவாதங்களுக்கு இவ்வேற்பாடே ஊற்றுக்கண்.

பிற்கால வாழ்வு

பதவிக்குப் பின் முண்டசேரி எழுத்துப் பணியைத் தொடர்ந்தார். அவருடைய தன்வரலாறு கொழிஞ்ஞ இலைகள் என்னும் பெயரில் வெளிவந்தது. உதிர்ந்த இலைகள் என்பது அதன் பொருள். 1970இல் திருச்சூரிலிருந்து மீண்டும் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தரானார். 1977 அக்டோபர் 25 அன்று மறைந்தார்.

முடிவுரை

முண்டசேரியின் கல்வி முன்வடிவு வெற்றியா தோல்வியா என்ற வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. கருத்து வேறுபாடு மிக்க அவையிலும் ஆசிரியரின் ஊதியமும் பணிப்பாதுகாப்பும் அரசின் பொறுப்பு என்னும் கருத்து வேரூன்றியது. அடுத்து வந்த எதிரணி அரசும் அதனைப் பிடுங்க முற்படவில்லை. ஆசிரியர் பணிக்குரிய வாயிலை அனைவருக்கும் பொதுவாக்கும் முயற்சியோ, சட்டமாகியும் நிலைக்கவில்லை. நீதிமன்றம் சிறுபான்மையினர் பொருட்டு வரையறுத்தது பள்ளிகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே. நியமனப் பிரிவை நீக்கியது பேரவையின் பிற்காலப் பெரும்பான்மை. தனியார் நிர்வாகத்தின்கீழ் பணியாற்றிய ஓர் ஆசிரியர் தம் பட்டறிவிலிருந்து வகுத்த இரு பிரிவுகளுள் ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று வீழ்ந்தது. முன்வடிவின் திருத்தங்களைப் பயில்வோர்க்கு, அவருடைய வாழ்வின் பேறும் இழப்பும் ஒருங்கே விளங்கும்.