வில்லியம் கிட்

வில்லியம் கிட் (அண். 1654 – மே 23, 1701) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கப்பல் தலைவர் ஆவார். கேப்டன் கிட் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இவர், கடற்கொள்ளையரைப் பிடிக்க இங்கிலாந்து மன்னரின் ஆணையுடன் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டு, இறுதியில் தாமே கடற்கொள்ளையர் என்று தீர்ப்பளிக்கப்பட்டு இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். இவர் உண்மையிலேயே கொள்ளையரா அல்லது அரசியலுக்குப் பலியானவரா என்பது குறித்து வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இவர் கைப்பற்றிய இரண்டு கப்பல்களின் பிரெஞ்சு அனுமதிச் சீட்டுகள் வழக்கு விசாரணையின்போது நீதிமன்றத்தில் வைக்கப்படாததே இவ்விவாதத்தின் மையமாகும்.

பின்னணி

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகளிடம் தம் வணிகத்தைக் காக்கவும் எதிரியின் வணிகத்தைக் கெடுக்கவும் போதிய போர்க்கப்பல்கள் இருக்கவில்லை. எனவே போர்க்காலங்களில் தனியார் கப்பல்களுக்கு எதிரி நாட்டுக் கப்பல்களைத் தாக்கும் உரிமையை எழுத்து வடிவில் வழங்கின. இவ்வாறு உரிமம் பெற்ற கப்பலும் அதன் தலைவரும் பிரைவேட்டியர் எனப்பட்டனர். கைப்பற்றிய கப்பலைக் கடல்சார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து, அது எதிரிக்கு உரியது என்று தீர்ப்புப் பெற்ற பின்னரே அதன் சரக்குகளைப் பங்கிட வேண்டும் என்பது விதி. அரசர், முதலீட்டாளர்கள், கப்பல் தலைவர், மாலுமிகள் ஆகியோருக்குத் தனித்தனிப் பங்குகள் உண்டு. பெரும்பாலும் மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது. கொள்ளை கிடைத்தால் பங்கு, இல்லையேல் ஒன்றும் இல்லை.

கடலில் நடக்கும் செயலைக் கொண்டு மட்டும் பிரைவேட்டியரையும் கடற்கொள்ளையரையும் வேறுபடுத்த இயலாது. இருவரும் கப்பலைத் துரத்திப் பிடித்து, சரக்கைக் கைப்பற்றினர். உரிமப் பத்திரம், பிடிபட்ட கப்பல் எதிரிக்கு உரியது என்பதற்கான ஆவணம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய காகிதங்களே இருவரையும் பிரித்துக் காட்டின.

ஆரம்ப வாழ்க்கை

கிட் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர் எனக் கருதப்படுகிறது. கிரீனக் நகரில் பிறந்தவர் என்ற பழைய கருத்தும் உண்டு. இளமைக்காலம் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. 1689ஆம் ஆண்டில் கரிபியக் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கலந்திருந்த ஒரு கப்பலில் இவர் பணியாற்றினார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஒன்பதாண்டுப் போர் மூண்டிருந்த நேரம் அது. கிட்டும் அவரது தோழர்களும் பிரெஞ்சு மாலுமிகளை வென்று கப்பலைக் கைப்பற்றி, ஆங்கிலேயர் வசமிருந்த நெவிஸ் தீவுக்குக் கொண்டு சென்றனர். கப்பலுக்கு பிளஸ்டு வில்லியம் என்று பெயரிடப்பட்டு, கிட் அதன் தலைவரானார். ஆளுநர் கிறிஸ்டோபர் காட்ரிங்டனின் கீழ் பிரெஞ்சுத் தீவான மாரி-கலாந்த் மீதான தாக்குதலில் இவர் பங்கேற்றார்.

1690 பிப்ரவரியில் கிட் கரையில் இருந்தபோது, ராபர்ட் கல்லிஃபோர்டு உள்ளிட்ட மாலுமிகள் அவருடைய கப்பலையும் உடைமைகளையும் எடுத்துக்கொண்டு தப்பினர். இதே கல்லிஃபோர்டைக் கிட் எட்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்திக்க நேர்ந்தது.

நியூயார்க் வாழ்க்கை

கப்பலை இழந்த கிட்டுக்குக் காட்ரிங்டன் வேறொரு கப்பலை வழங்கினார். அதில் 1691இல் நியூயார்க் சென்ற கிட், லெய்ஸ்லரின் கிளர்ச்சியை அடக்கப் புதிய ஆளுநர் ஹென்றி ஸ்லாட்டருக்கு உதவினார். இதற்காக நியூயார்க் மாகாணச் சட்டமன்றம் இவருக்கு 150 பவுண்டு பரிசளித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் சாரா என்ற செல்வம் மிக்க விதவையை மணந்தார். இவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர். நகரின் மதிப்புமிக்க குடிமக்களுள் ஒருவராக விளங்கிய கிட், டிரினிட்டி தேவாலயம் கட்டப்பட்டபோது பாரம் தூக்கும் கருவிகளை இரவல் அளித்தார்.

மன்னரின் ஆணை

1695இல் கிட் இலண்டன் சென்றார். அரச கடற்படையில் பதவி பெறுவதே அவரது நோக்கம் எனக் கருதப்படுகிறது. அங்கு நியூயார்க் வணிகர் ராபர்ட் லிவிங்ஸ்டன் வழியாக, நியூயார்க், மாசசூசெட்ஸ் ஆகிய காலனிகளின் ஆளுநராகவிருந்த பெலமாண்ட் பிரபுவின் அறிமுகம் கிடைத்தது. கடற்கொள்ளையரைப் பிடித்து அவர்களது செல்வத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் 1695 அக்டோபரில் கையெழுத்தானது. செலவில் ஐந்தில் நான்கு பங்கைப் பெலமாண்ட் திரட்ட, எஞ்சியதைக் கிட்டும் லிவிங்ஸ்டனும் ஏற்றனர். குறித்த காலத்துக்குள் கொள்ளை கிடைக்காவிடில் முதலீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

பெலமாண்டின் பின்னால் விக் கட்சியின் நால்வர் மறைமுக முதலீட்டாளர்களாக இருந்தனர். ஆர்ஃபோர்டு பிரபு எட்வர்டு ரஸ்ஸல், ஜான் சோமர்ஸ், ஷ்ரூஸ்பெரி கோமகன், ராம்னி பிரபு ஆகியோரே அவர்கள். மன்னர் மூன்றாம் வில்லியத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. கிட்டுக்கு இரண்டு ஆணைகள் வழங்கப்பட்டன. 1695 டிசம்பரில் வழங்கப்பட்ட முதலாவது ஆணை பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றவும், 1696 ஜனவரியில் வழங்கப்பட்ட இரண்டாவது ஆணை கடற்கொள்ளையரைப் பிடிக்கவும் அதிகாரமளித்தன.

இப்பயணத்துக்கெனப் பெறப்பட்ட அட்வென்ச்சர் கேலி என்ற கப்பல் 34 பீரங்கிகளைக் கொண்டிருந்தது. பாய்களுடன் துடுப்புகளும் பொருத்தப்பட்டிருந்ததால் காற்று இல்லாதபோதும் இதைச் செலுத்த முடிந்தது. தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் அரச கடற்படை கிட்டின் மாலுமிகள் பலரைக் கட்டாயப் பணிக்கு எடுத்துக்கொண்டது. எனவே நியூயார்க்கில் புதிய ஆட்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இவர்களை ஈர்க்க, இலண்டன் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டதைவிட அதிகப் பங்கு தருவதாகக் கிட் உறுதியளித்தார். சுமார் 150 பேருடன் கப்பல் 1696 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது.

இந்தியப் பெருங்கடலில்

கிட் வந்து சேர்ந்த காலத்தில் இந்தியப் பெருங்கடலில் நிலைமை மிகவும் பதற்றமாக இருந்தது. 1695இல் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையர், மெக்கா யாத்திரிகர்களுடன் திரும்பிய கஞ்ச்-இ-சவாய் என்ற முகலாயக் கப்பலைக் கொள்ளையடித்திருந்தார். இதனால் சினமுற்ற பேரரசர் ஔரங்கசீப்பின் அதிகாரிகள் சூரத்தில் இருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியினரைச் சிறைப்படுத்தினர். மேலும் ஒரு கொள்ளை நிகழ்ந்தால் இந்தியாவில் தன் வணிகமே அழியும் என்று கம்பனி அஞ்சியது.

1697 தொடக்கத்தில் மடகாஸ்கரை அடைந்த கிட் அங்குக் கடற்கொள்ளையர் எவரையும் பிடிக்கவில்லை. கொமொரோ தீவுகளில் நோய் தாக்கி மாலுமிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். அதன்பின் கிட் செங்கடலின் வாயிலான பாப்-எல்-மண்டெப் நீரிணைக்குச் சென்று, மோக்காவிலிருந்து திரும்பும் யாத்திரிகர் கப்பல்களுக்காகக் காத்திருந்தார். 1697 ஆகஸ்டில் அக்கப்பல்களை நெருங்கியபோது, காவலுக்கு வந்த கம்பனிக் கப்பலான செப்டர் பீரங்கியால் சுட்டு அவரை விரட்டியது. இம்முயற்சிக்கு அவருடைய ஆணைகள் எதிலும் இடமிருக்கவில்லை.

அடுத்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த கிட், ஆங்கிலேயர் ஒருவரின் தலைமையில் சென்ற மேரி என்ற சிறு கப்பலைப் பிடித்தார். அதன் தலைவரைத் தம் கப்பலிலேயே நிறுத்திக்கொண்டார். கார்வார் துறைமுகத்தில் மாலுமிகள் சிலர் அவரை விட்டு ஓடினர். அவர்கள் வழியாகவே கிட் கொள்ளையராக மாறிவிட்டார் என்ற செய்தி கம்பனிக்கு எட்டியது.

வில்லியம் மூரின் மரணம்

கொள்ளை ஏதும் கிடைக்காத மாலுமிகள் பொறுமையிழந்தனர். எதிர்ப்பட்ட லாயல் கேப்டன் என்ற ஆங்கிலக் கப்பலைத் தாக்க வேண்டும் என்று அவர்கள் கோரியபோது கிட் மறுத்துவிட்டார். 1697 அக்டோபர் 30 அன்று பீரங்கிப் பொறுப்பாளர் வில்லியம் மூருடன் ஏற்பட்ட வாக்குவாதத்தில், இரும்பு வளையமிட்ட மர வாளியால் கிட் அவரது தலையில் அடித்தார். மறுநாள் மூர் இறந்தார். கலகத்தைத் தடுக்கவே அடித்ததாகக் கிட் பின்னர் வாதிட்டார். ஆயினும் அவர் மீதான முதல் குற்றச்சாட்டு இக்கொலையாகவே அமைந்தது.

குவேடா மெர்ச்சன்ட்

1697 நவம்பரில் கிட் ரூப்பரெல் என்ற கப்பலைக் கைப்பற்றினார். 1698 ஜனவரி 30 அன்று கொச்சி அருகே குவேடா மெர்ச்சன்ட் என்ற பெரிய கப்பலைப் பிடித்தார். குவேடா என்பது, தமிழர் கடாரம் என்று அழைத்த கெடா நாட்டின் அக்கால ஐரோப்பியப் பெயர் வடிவமாகும். வங்கத்திலிருந்து சூரத்துக்குச் சென்ற இக்கப்பலில் பட்டு, மஸ்லின், பருத்தித் துணி, சர்க்கரை, அபினி, வெடியுப்பு, இரும்பு முதலியவை இருந்தன. சரக்கின் உரிமையாளர்கள் ஆர்மீனிய வணிகர்கள். ஔரங்கசீப்பின் அரசவையைச் சேர்ந்த உயர்குடியினர் ஒருவருக்கும் அதில் பங்கு இருந்தது. கப்பலின் தலைவரோ ஓர் ஆங்கிலேயர்.

அக்காலத்தில் இந்திய வணிகக் கப்பல்கள் பல ஐரோப்பிய நாடுகளின் அனுமதிச் சீட்டுகளைக் கைவசம் வைத்திருந்து, எதிர்ப்படும் கப்பலின் கொடிக்கு ஏற்ற சீட்டைக் காட்டுவது வழக்கம். கிட் இதனைப் பயன்படுத்திக் கொண்டார். தம் கப்பலில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியதால் இரு கப்பல்களிலிருந்தும் பிரெஞ்சுச் சீட்டுகளே காட்டப்பட்டன. இவை எதிரி நாட்டின் பாதுகாப்பில் செல்லும் கப்பல்கள். எனவே தமது ஆணையின்படி பிடிக்கத்தக்கவை என்பது கிட்டின் வாதம். எனினும் அவர் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் சரக்கின் ஒரு பகுதியை மலபார் கரையிலேயே விற்று, மாலுமிகளுக்குப் பங்கிட்டார்.

சூரத்தில் கம்பனி மீண்டும் முகலாய அதிகாரிகளின் சினத்துக்கு உள்ளானது. இழப்பீடு தரவும் கடற்பாதைகளுக்குக் காவல் அளிக்கவும் அது வற்புறுத்தப்பட்டது. கம்பனியின் முறையீட்டின் பேரில், கிட்டைக் கைது செய்யுமாறு காலனி ஆளுநர்களுக்கு 1698 நவம்பரில் இலண்டனிலிருந்து உத்தரவு சென்றது. அதைத் தொடர்ந்து கடற்கொள்ளையருக்கு வழங்கப்பட்ட பொது மன்னிப்பிலிருந்து எவ்ரி, கிட் ஆகிய இருவரும் பெயர் குறிப்பிட்டு விலக்கப்பட்டனர்.

திரும்புதலும் கைதும்

1698 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகிலுள்ள செயின்ட் மேரி தீவில் கிட் ராபர்ட் கல்லிஃபோர்டைச் சந்தித்தார். கல்லிஃபோர்டு அப்போது பெயர்பெற்ற கடற்கொள்ளையராக இருந்தார். அவரைப் பிடிப்பதற்கு மாறாக, கிட்டின் மாலுமிகளில் பெரும்பாலோர் கிட்டைக் கைவிட்டு அவருடன் சேர்ந்துகொண்டனர். அட்வென்ச்சர் கேலி நீர் கசிந்து பழுதடைந்ததால் அங்கேயே கைவிடப்பட்டது. எஞ்சிய சிலருடன் கிட் குவேடா மெர்ச்சன்ட் கப்பலில் கரிபியக் கடல் நோக்கிப் புறப்பட்டார்.

1699 ஏப்ரலில் அங்குயிலா தீவை அடைந்தபோதுதான் தாம் கொள்ளையராக அறிவிக்கப்பட்டதைக் கிட் அறிந்தார். குவேடா மெர்ச்சன்ட் கப்பலை ஹிஸ்பானியோலா தீவருகே விட்டுவிட்டு, ஒரு சிறு கப்பலை வாங்கி வடக்கே சென்றார். லாங் தீவை அடுத்த கார்டினர் தீவில் தங்கம், வெள்ளி, துணி முதலியவற்றை ஒப்படைத்து, ஒரு பகுதியைப் புதைத்தார். தம் வழக்கறிஞர் மூலம் இரு பிரெஞ்சுச் சீட்டுகளையும் பெலமாண்டுக்கு அனுப்பினார். பாதுகாப்பு அளிப்பதாகப் பெலமாண்ட் நம்பிக்கையூட்டியதால் பாஸ்டன் சென்ற கிட், 1699 ஜூலை 6 அன்று கைது செய்யப்பட்டார். கார்டினர் தீவில் இருந்த பொருட்கள் மீட்கப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரெஞ்சுச் சீட்டுகளும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன.

வழக்கு

1700 ஏப்ரலில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கிட், ஓராண்டுக்கும் மேலாக விசாரணைக்காகச் சிறையில் காத்திருந்தார். இதற்குள் அவரது வழக்கு அரசியலாகிவிட்டது. விக் கட்சித் தலைவர்களைக் கவிழ்க்க டோரி கட்சியினர் இதனைப் பயன்படுத்த முயன்றனர். 1701 மார்ச் மாதத்தில் கிட் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் விசாரிக்கப்பட்டார். ஆனால் டோரிகள் எதிர்பார்த்த சாட்சியம் அவரிடமிருந்து கிடைக்கவில்லை. இதனால் ஒரு தரப்புக்கு அவர் பயனற்றவராகவும், மறு தரப்புக்குத் தொல்லையாகவும் ஆனார். அவரைக் கைது செய்த பெலமாண்ட் அதே மாதத்தில் நியூயார்க்கில் இறந்தார்.

1701 மே 8, 9 ஆகிய நாட்களில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை நடைபெற்றது. முதலில் மூரின் கொலைக்காகவும், பின்னர் கடற்கொள்ளைக்காகவும் கிட் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவரிடமிருந்து பிரிந்து சென்ற மருத்துவர் ராபர்ட் பிராடின்ஹாம், மாலுமி ஜோசப் பாமர் ஆகியோர் மன்னிப்புக்கு ஈடாக அரசுத் தரப்புச் சாட்சிகளாயினர். கிட் திரும்பத் திரும்பக் கோரியும் பிரெஞ்சுச் சீட்டுகள் நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. அதே காலத்தில் விசாரிக்கப்பட்ட கல்லிஃபோர்டு உயிர் தப்பினார்.

மரணம்

1701 மே 23 அன்று இலண்டன் வாப்பிங் பகுதியில் தேம்ஸ் கரையிலுள்ள தூக்குத் துறையில் கிட் தூக்கிலிடப்பட்டார். முதல்முறை கயிறு அறுந்துவிட்டதால் மீண்டும் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மாலுமிகளில் டார்பி மல்லின்ஸ் மட்டும் அன்று உடன் தூக்கிலிடப்பட்டார். கிட்டின் உடல் தார் பூசப்பட்டு, ஆற்றில் செல்லும் மாலுமிகளுக்கு எச்சரிக்கையாக டில்பரி முனையில் இரும்புக் கூண்டில் தொங்கவிடப்பட்டது. பறிமுதல் செய்யப்பட்ட அவரது பொருட்களை விற்றுக் கிடைத்த சுமார் 6,400 பவுண்டு கிரீனிச் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. சோமர்ஸ், ஆர்ஃபோர்டு ஆகியோர் மீது காமன்ஸ் அவை கொண்டுவந்த குற்றச்சாட்டுகளில் கிட்டுக்கு அளித்த ஆதரவும் இடம்பெற்றது. எனினும் பிரபுக்கள் அவை 1701 ஜூனில் அவர்களை விடுவித்தது. கிட்டின் மனைவி சாரா 1744 வரை வாழ்ந்தார்.

பிற்காலக் கண்டுபிடிப்புகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் பெய்ன், இலண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் அந்த இரு பிரெஞ்சுச் சீட்டுகளையும் கண்டெடுத்தார். கிட் கூறியது பொய்யல்ல என்பது இதனால் உறுதியானது. ஆயினும் இச்சீட்டுகள் அவரை முற்றிலும் விடுவித்திருக்கும் எனக் கூற இயலாது. மூரின் மரணம், மேரி கப்பல் நிகழ்வு, தீர்ப்பின்றிச் சரக்கை விற்றது ஆகியவற்றுக்கு அவை விடையளிக்கவில்லை. ஆனால் கொள்ளைக் குற்றச்சாட்டுகளில் முதன்மையானதற்கு எதிரான அவரது ஒரே எழுத்துச் சான்று அவருக்கு மறுக்கப்பட்டது என்பது தெளிவு.

கிட் புதைத்த செல்வம் பற்றிய கதைகள் எட்கர் ஆலன் போவின் தங்க வண்டு (1843) முதலிய படைப்புகளுக்குத் தூண்டுதலாயின. 2007 டிசம்பரில் டொமினிக்கன் குடியரசின் கத்தலினா தீவருகே, மிகக் குறைந்த ஆழத்தில் குவேடா மெர்ச்சன்டின் சிதைவுகள் கண்டறியப்பட்டதாக இந்தியானா பல்கலைக்கழகம் அறிவித்தது. அவ்விடம் 2011இல் நீரடி அருங்காட்சியகமாக்கப்பட்டது. 2015இல் மடகாஸ்கர் அருகே கிட்டின் வெள்ளிப் பாளம் கிடைத்ததாக வெளியான செய்தியை யுனெஸ்கோ வல்லுநர்கள் மறுத்தனர். அப்பாளத்தில் 95% ஈயமே இருந்தது.

பிரைவேட்டியர் உரிமம் வழங்கும் முறை கிட்டுக்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு தொடர்ந்தது. 1856ஆம் ஆண்டின் பாரிஸ் சாற்றுதல் மூலம் ஐரோப்பிய வல்லரசுகள் அதனைக் கைவிட்டன.