பரீட்சையை உதறிவிட்டு ஜெயிலுக்கு போனவர்... கதைகள் எல்லாம் சினிமா ஆச்சு! கல்கிக்கும் நம்ம பூமிக்கும் என்ன சம்பந்தம்?

உளுந்தூர்பேட்டை, டிச. 5–

பொன்னியின் செல்வன் படத்தை பார்த்து கைதட்டியவர்கள் நம்ம பகுதியிலும் ஏராளம். ஆனால் அந்தக் கதை நம்ம சீமையில்தான் தொடங்குதுன்னு எத்தனை பேருக்கு தெரியும்?

கதையை எழுதிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் நினைவு நாள் இன்று.

திருமுனைப்பாடி நாட்டின் தென்பகுதியில், வீராணம் ஏரிக்கரையில்தான் முதல் அத்தியாயம் ஆரம்பிக்கிறது. உளுந்தூர்பேட்டை அருகே உள்ள திருநாவலூரும் அதே திருமுனைப்பாடி நாடுதான். சுந்தரர் பிறந்த ஊர். சோழ இளவரசர் ராஜாதித்தர் படையோடு தங்கியிருந்த ஊரும் இதுதான். கல்வெட்டில் ராஜாதித்தபுரம் என்றும் பெயர் உண்டு. அவர் 949-ல் தக்கோலம் போரில் உயிர் விட்டார். வீராணம் ஏரி அவர் காலத்தில் வெட்டப்பட்டது என்ற தகவல் கதையிலும் வருகிறது.

பரீட்சை எழுதாத மாணவர்

கல்கி பிறந்தது 1899 செப்டம்பர் 9-ந்தேதி. மாயவரம் பக்கம் புத்தமங்கலம் கிராமம். திருச்சியில் படித்தார். பள்ளி இறுதிப் பரீட்சை நெருங்கும் சமயம், 1921-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் சூடு பிடித்தது. படிப்பை உதறினார். மறு வருஷமே ஒரு வருஷம் ஜெயில். பிறகு 1930-லும் 1941-லும் ஜெயிலுக்கு போனார்.

இடையில் திரு.வி.க.வின் நவசக்தி, ராஜாஜியின் விமோசனம், அப்புறம் ஆனந்த விகடன் என்று பத்திரிகை வேலை. கர்நாடகம் என்ற புனைபெயரில் அவர் எழுதிய விமர்சனங்களுக்கு பாட்டு வித்வான்களும் பயந்தாங்க, சினிமாக்காரங்களும் பயந்தாங்க.

தடை போட்ட வெள்ளைக்காரன்

சினிமாவை கிழி கிழின்னு கிழிச்சவரே சினிமாவுக்கு கதை கொடுத்தார். அதுதான் தியாகபூமி. டைரக்டர் கே. சுப்ரமணியம் படம் எடுக்க எடுக்க, படத்தின் ஸ்டில்களோடு விகடனில் தொடர்கதையும் வந்தது. வாசகர்கள் கதையையும் படத்தையும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள்.

படம் 1939-ல் ரிலீஸ். தள்ளி வைத்த புருஷன், மனைவி பணக்காரி ஆனதும் சேர்ந்து வாழச் சொல்லி கோர்ட்டுக்கு போகிறான். அவள் மறுக்கிறாள். வேணும்னா நானே அவருக்கு ஜீவனாம்சம் தர்றேன் என்கிறாள்! கடைசியில் தேச சேவைக்கு போகிறாள். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லீங்க. காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு, வெள்ளைக்கார அரசு படத்துக்கு தடை போட்டது.

1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி பத்திரிகையை தொடங்கினார். முதல் போட, சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக நடித்து சம்பாதித்து கொடுத்தார்.

சேலம் ரோட்டில் ஒரு கதை

உளுந்தூர்பேட்டையில் இருந்து சேலம் ரோட்டை பிடித்து, சேலம் தாண்டி நாமக்கல் ரோட்டில் போனால் பொய்மான் கரடு என்ற குன்று வரும். அங்குள்ள பாறைக் குகையில் மான் நிற்பது போல தோன்றும். கிட்டே போனால் ஒன்றும் இருக்காது. அந்தப் பெயரிலேயே கல்கி ஒரு கதை எழுதினார். அது பொன்வயல் என்ற படமாக 1954-ல் வந்தது.

அதே வருஷம்தான் மூன்றரை வருஷத்துக்கு மேல் எழுதி வந்த பொன்னியின் செல்வனை முடித்தார். டிசம்பர் 5-ந்தேதி காலமானார். வயசு 55தான்.

பார்க்காமல் போனவை

சிவாஜி, பானுமதி நடித்த கள்வனின் காதலி 1955-ல் வந்தது. ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா நடித்த பார்த்திபன் கனவு 1960-ல் வந்தது. இரண்டையும் கல்கி பார்க்கவில்லை. அலை ஓசைக்கு 1956-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதையும் வாங்க அவர் இல்லை.

பொன்னியின் செல்வனை எடுக்க எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டார், நடக்கவில்லை. மணிரத்னம் எடுத்த 2 பாகமும் 2022, 2023-ல் வந்தன. எழுதி முடித்து 68 வருஷம் கழித்துதான் கதை திரைக்கு வந்தது!

பரீட்சை எழுதாதவர் எழுதிய 5 பாகமும் இன்று புத்தகக் கடைகளில் சக்கைப்போடு போடுது. 1999-ல் அவரது எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் மலிவு விலையிலும் கிடைக்குது. படம் பார்த்தவங்க முதல் அத்தியாயத்தையாவது படிச்சுப் பாருங்க. நம்ம திருமுனைப்பாடி அங்கே காத்திருக்கு!