கிரகாம் பெல்: பேச்சைக் கண்ணுக்குக் காட்ட நினைத்த வாத்தியார்

உச்சரிப்பு சொல்லித்தரும் ஆப் ஒன்றைத் திறந்து மைக்கில் ஒரு வார்த்தை சொல்கிறீர்கள். எந்த ஒலி சரி, எந்த ஒலி பிசகு என்று பச்சை, சிவப்பு நிறத்தில் காட்டி மார்க் போடுகிறது. இன்னொரு பக்கம், எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் ஏஐ குரல்கள் ஏற்ற இறக்கத்தோடு, ஏறக்குறைய மனிதர் மாதிரியே பேசுகின்றன.

ஒன்று, மனிதரின் பேச்சைத் திருத்துவது. மற்றொன்று, பேச்சைச் செயற்கையாக உண்டாக்குவது. கம்ப்யூட்டர் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இந்த இரண்டு வேலையையும் கையால் செய்துபார்த்த ஒருவர் உண்டு. பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனா, உங்க தொழில் என்ன என்று கேட்டால், காது கேளாதவர்களின் ஆசிரியர் என்றுதான் பெல் தன்னைச் சொல்லிக்கொண்டார். அவருக்குப் புகழ் வந்தது அந்த வேலையில் இருந்துதான். இன்றுவரை போகாத பழி வந்ததும் அதே வேலையில் இருந்துதான்.

மூன்று தலைமுறைத் தொழில்

1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார் பெல். தாத்தா லண்டனில் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அப்பா மெல்வில் பெல்லுக்கும் அதே தொழில். எந்த வார்த்தையை அழுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அந்த வீட்டின் பிழைப்பு.

அம்மா எலைசா நன்றாகப் பியானோ வாசிப்பார். ஆனால் அவருக்குக் காது மந்தம். போகப் போக இன்னும் மோசமானது. வீட்டில் மற்றவர்கள் பேசிக்கொள்வதை, பக்கத்தில் உட்கார்ந்து விரல் எழுத்துகளில் அம்மாவுக்குச் சொல்வான் சிறுவன் பெல். சில நேரம் அம்மாவின் நெற்றிக்கு அருகில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேசுவான். அந்த அதிர்வு அவருக்குப் புரியும். ஒலி காதுக்குள் மட்டும் இல்லை, உடம்பிலும் இருக்கிறது என்பதை பெல் வீட்டிலேயே படித்துவிட்டார்.

பொம்மைத் தலை பேசியது

1863-இல் அப்பா அவரை லண்டனில் விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டனிடம் கூட்டிப்போனார். அங்கே ஒரு பேசும் இயந்திரம் இருந்தது. அதை முதலில் வடிவமைத்தவர் ஹங்கேரியின் வொல்ஃப்காங் ஃபான் கெம்ப்பலன். அதன் செய்முறையை 1791-இல் புத்தகமாகவே போட்டிருந்தார். அதைப் படித்து வீட்ஸ்டன் திரும்பச் செய்த கருவி அது. நுரையீரலுக்குப் பதில் துருத்தி, குரல்வளைக்குப் பதில் அதிரும் நாக்குத் தகடு, வாய்க்குப் பதில் கையால் அமுக்கும் ஒரு பை. அவ்வளவுதான் கருவி. ஆனாலும் சில வார்த்தைகள் புரியும்படி வந்தன.

ஊர் திரும்பியதும் பெல்லும் அண்ணன் மெல்வில்லும் தாங்களே ஒன்று செய்ய உட்கார்ந்தார்கள். தொண்டையும் குரல்வளையும் அண்ணன் பொறுப்பு. வாய், நாக்கு, உதடு தம்பி பொறுப்பு. ஆட்டுக்குட்டியின் குரல்வளையை வைத்து அளவு பார்த்தார்கள். ரப்பர் மாதிரியான பொருள்களால் உதடும் கன்னமும் தயாராகின. ஒருவர் ஊத, மற்றவர் உதட்டை அசைக்க, அந்தத் தலை குழந்தை அழுவது போல மம்மா என்றது. ஏதோ குழந்தை அழுகிறது என்று அக்கம்பக்கத்தார் நினைத்த கதையும் உண்டு.

பெல் அதோடு விடவில்லை. வீட்டு நாய் ட்ரூவேவை விடாமல் உறுமப் பழக்கி, அதன் வாயைக் கையால் அமுக்கியும் விட்டும் சில வார்த்தைகள் மாதிரி ஒலி வரவைத்தார். பார்க்க விளையாட்டுதான். ஆனால் உள்ளே ஒரு கருத்து இருந்தது: பேச்சு மாயமில்லை, அது காற்றும் அசைவும் சேர்ந்த ஓர் இயந்திர வேலை. அதைப் பிரிக்கலாம், திரும்ப மாட்டலாம்.

வாயின் வரைபடமாக ஓர் எழுத்து

அதே கருத்தை அப்பா வேறு வழியில் பிடித்திருந்தார். அவர் 1867-இல் வெளியிட்ட முறையின் பெயர் 'விசிபிள் ஸ்பீச்', அதாவது கண்ணுக்குத் தெரியும் பேச்சு.

சாதாரண எழுத்து ஒலியின் பெயரைத்தான் சொல்லும். ல, ள, ழ மூன்றும் மூன்று வடிவம். ஆனால் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அந்த வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மெல்வில் பெல்லின் குறிகள் அப்படி இல்லை. ஒரு வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தே நாக்கின் அடியா, நுனியா, உதடா என்று தெரிந்துவிடும். கூடவே ஒரு கோடு இருந்தால், குரல்வளை அதிர வேண்டும் என்று அர்த்தம்.

மேடையில் இதைக் காட்ட ஒரு வேடிக்கையான சோதனை வைத்தார்கள். மகன் வெளியே போய்விடுவார். கூட்டத்தில் யாராவது தெரியாத மொழியில் ஒரு சொல்லோ, வெறும் சத்தமோ எழுப்புவார்கள். அப்பா அதைக் குறிகளாக எழுதுவார். மகன் உள்ளே வந்து குறியைப் பார்த்து அப்படியே ஒலிப்பார். அர்த்தம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒலியை அதன் அர்த்தத்தில் இருந்து பிரித்து, குறியீடாக்கி, திரும்ப ஒலியாக்குவது. இன்றைய டெக்ஸ்ட் டு ஸ்பீச் மென்பொருள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்.

இது காது கேளாத குழந்தைகளுக்கு உதவுமே என்ற எண்ணத்தில், 1868-இல் லண்டன் பள்ளி ஒன்றில் பெல் முயன்று பார்த்தார். காதால் கேட்காத ஒலியைக் கண்ணால் பார்த்துப் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதற்குள் குடும்பத்தில் இடி விழுந்தது. காசநோயில் 1867-இல் தம்பி எட்வர்ட் போனார். 1870-இல் அண்ணன் மெல்வில். மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் கனடாவின் பிரான்ட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய், காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்.

இறந்தவரின் காதும் டெலிபோனும்

குறிகளில் ஒரு குறை இருந்தது. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். வைத்தது சரியா என்று சொல்லாது. காது கேட்பவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும், திருத்திக்கொள்வார். கேட்காதவர் என்ன செய்வார்? ஒலியையே படமாக்கி, ஆசிரியரின் படத்துக்குப் பக்கத்தில் மாணவரின் படத்தை வைத்தால்?

1874-இல் அதைத்தான் முயன்றார் பெல். காது மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக், இறந்த ஒருவரின் காதின் உட்பகுதியை அவருக்குக் கொடுத்தார். அந்த எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பைப் பொருத்தி, அதன் நுனி புகை படிந்த கண்ணாடியைத் தொடும்படி வைத்தார் பெல். காதுக்குள் பேசினால் செவிப்பறை அதிரும், துரும்பு ஆடும், கண்ணாடியில் அலைக்கோடு விழும்.

பாடம் நடத்த அது அவ்வளவாகப் பயன்படவில்லை. ஆனால் பெல்லை ஒரு விஷயம் யோசிக்க வைத்தது. இவ்வளவு மெல்லிய சவ்வு அந்த எலும்புகளை ஆட்டுகிறது என்றால், கொஞ்சம் பெரிய சவ்வு ஒரு இரும்புத் துண்டை ஆட்டாதா? அந்த அசைவு மின்சாரத்தையும் ஏற்றி இறக்காதா? அந்தக் கோடையில் பிரான்ட்ஃபோர்டு வீட்டில் டெலிபோன் பற்றிய எண்ணம் உருவானது. 1876 மார்ச் 7-இல் காப்புரிமை கிடைத்தது. மூன்றே நாளில், பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் வாட்சனுக்குப் பெல்லின் குரல் கம்பி வழியாகக் கேட்டது.

பணம் போட்டவர்கள் யார் தெரியுமா? இரண்டு பேர், இருவருமே காது கேளாத குழந்தைகளின் அப்பாக்கள். ஒருவர் தாமஸ் சாண்டர்ஸ். அவர் மகன் ஜார்ஜ், பிறவியிலேயே காது கேளாதவன். எழுத்துகள் பொறித்த கையுறையை மாட்டிக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டு அவனுக்கு மொழி சொல்லிக்கொடுத்தார் பெல். இன்னொருவர் கார்டினர் ஹப்பர்ட். அவர் மகள் மேபல்தான் பெல்லின் மாணவி, 1877-இல் மனைவி.

எங்கே தப்பினார்?

மேபல் நன்றாகப் பேசினார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். பயிற்சி கொடுத்தால் யாரையும் பேசவைக்கலாம் என்ற பெல்லின் நம்பிக்கைக்கு வீட்டிலேயே சாட்சி இருந்தது. ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மேபலுக்கு ஐந்து வயது வரை காது கேட்டது, ஸ்கார்லெட் காய்ச்சலில்தான் போனது. மொழி அவருக்குள் முன்பே வேர்விட்டிருந்தது. பிறவியிலேயே கேளாத ஜார்ஜ் போன்ற குழந்தைகளின் நிலைமை வேறு. அவர்கள் பேச்சுக்காகவே வருடக்கணக்கில் காத்திருந்தால், மொழி கற்க வேண்டிய வயதே கடந்துவிடும். அவர்களுக்குச் சைகை மொழிதான் தாய்மொழி மாதிரி.

பெல் அதை ஏற்கவில்லை. வகுப்பறையில் சைகை இருந்தால் பிள்ளைகள் பேச முயல மாட்டார்கள், உலகத்தில் இருந்து ஒதுங்கிவிடுவார்கள் என்பது அவர் வாதம். 1880-இல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய சர்வதேச மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டது. அங்கே இருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் காது கேட்கும். அமெரிக்காவில் அந்தக் கொள்கையின் மிகப் பெரிய முகமாக நின்றவர், டெலிபோனால் புகழும் பணமும் சேர்ந்திருந்த பெல்.

1883-இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டால், காது கேளாத தனி மனித வகை உருவாகிவிடும் என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தில் கட்டுரை வாசித்தார். சட்டம் போட்டுத் தடுப்பது சரிவராது என்று அவரே சொன்னாலும், தனிப் பள்ளி, சைகை மொழி, காது கேளாத ஆசிரியர்கள் எல்லாம் குறைய வேண்டும் என்றார். கணக்கும் அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது: காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள்.

விளைவு? அடுத்த சில பத்தாண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளில் சைகை மொழி பெரும்பாலும் வெளியேற்றப்பட்டது. கையை அசைத்ததற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அம்மாவுக்கு விரல்களால் ஊர்க்கதை சொன்ன அதே பெல்லின் பெயரால் இது நடந்தது.

அதற்காக அவரை வில்லனாக்கிவிடவும் முடியாது. பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லரின் அப்பாவுக்கு பெர்கின்ஸ் பள்ளிக்கு வழிகாட்டியவர் பெல்தான். அங்கிருந்துதான் ஆசிரியை ஆனி சல்லிவன் வந்தார். ஹெலன் தன் சுயசரிதையைப் பெல்லுக்கே சமர்ப்பித்தார். தன் பணத்தையும் பெல் காது கேளாதோர் பற்றிய ஆய்வுக்குச் செலவழித்தார். அக்கறையில் குறை இல்லை. யாருக்காக முடிவெடுத்தாரோ, அவர்களிடம் கேட்கவில்லை என்பதுதான் குறை.

1922 ஆகஸ்ட் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெல் காலமானார். இறுதிச் சடங்கின்போது வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டன.

பெல்லுக்குப் பின்னால்

அவர் பெயரைத் தாங்கிய பெல் லேப்ஸ் 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'வோடர்' என்ற கருவியைப் பேசவைத்தது. ஹோமர் டட்லி உருவாக்கியது. நீண்ட பயிற்சி பெற்ற பெண்கள், சாவிகளையும் கால்மிதியையும் வைத்து, பியானோ வாசிப்பது போல அதைப் பேசவைத்தார்கள். கால்மிதியில் குரல் ஏறும், இறங்கும். ஒரே வாக்கியத்தில் அழுத்தத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, அர்த்தம் மாறுவதைக் காட்டினார்கள். உணர்ச்சியோடு பேசும் இன்றைய ஏஐ குரல்களும் இந்த நான்கைத்தான் கையாளுகின்றன: சுருதி, அழுத்தம், நீளம், இடைவெளி.

1940-களில் அதே நிறுவனம் ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவியால் பேச்சைப் படமாக்கியது. அதை விளக்கி 1947-இல் வந்த புத்தகத்தின் பெயரும் 'விசிபிள் ஸ்பீச்'தான். உச்சரிப்பு ஆப்கள் உங்கள் குரலைக் கிட்டத்தட்ட இப்படி ஒரு படமாக மாற்றித்தான், எதிர்பார்க்கும் ஒலியோடு ஒப்பிட்டு மார்க் போடுகின்றன. பெல் கேட்ட இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில்.

மிலன் தீர்மானங்களை, காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு 2010-இல் கனடாவின் வான்கூவரில் நிராகரித்து, வருத்தமும் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆயின.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆப் சிவப்பு காட்டும்போது, நீங்கள் சொன்னது மற்றவர்களுக்குப் புரியாது என்கிறதா, அல்லது ஏதோ ஒரு ஊர்க்காரரின் பேச்சு மாதிரி இல்லை என்று மட்டும் சொல்கிறதா? மைக் இரண்டையும் ஒன்றாகவே அளக்கும். பிரித்துப் பார்க்க வேண்டியது, அந்த மாதிரிக் குரலைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்கள்.