யொஹான்னஸ் ஷ்மிட்

யொஹான்னஸ் ஷ்மிட் (சனவரி 2, 1877 - பெப்ரவரி 21, 1933) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த உயிரியலாளர் ஆவார். ஐரோப்பிய விலாங்கு மீன் சர்காசோ கடலில் முட்டையிடுகிறது என்ற முடிவை முன்வைத்தவர் இவரே.

வாழ்க்கை

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றார். 1903 இல் அலையாத்தி மரங்கள் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். 1910 முதல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தின் உடலியங்கியல் பிரிவுக்குத் தலைமை வகித்தார்.

விலாங்கு ஆய்வு

முதிர்ந்த விலாங்குகள் இலையுதிர்காலத்தின் இருண்ட இரவுகளில் ஆற்றோட்டத்தோடு கடலுக்கு இறங்குவதையும், இளவேனிலில் கண்ணாடி போன்ற குஞ்சுகள் ஆறுகளில் ஏறுவதையும் மீனவர்கள் அறிந்திருந்தனர். இடையில் நடப்பது புதிராகவே இருந்தது. இலை வடிவ லெப்டோசெபாலஸ் தனி மீனன்று, விலாங்கின் குடம்பியே (இளவுயிரி) என்று இத்தாலியரான கிராசியும் கலாந்துருச்சியோவும் 1896 இல் காட்டினர்.

1904 இல் தோர் கப்பலில் உணவு மீன்களின் குஞ்சுகளைத் தேடியபோது, பரோயே தீவுகளுக்கு மேற்கே அத்தகைய குடம்பியொன்று ஷ்மிட்டுக்குக் கிடைத்தது. குடம்பிகள் சிறிதாகுந்தோறும் முட்டையிடும் இடம் நெருங்குகிறது என்பது அவர் கொண்ட அளவுகோல். எளிய கருத்துத்தான், ஆனால் அதற்காக அத்திலாந்திக் முழுவதும் வலைவீச வேண்டியிருந்தது. வணிகக் கப்பல்களிடமும் வலைகளைக் கொடுத்தார். 1913 இல் மார்கிரேத்த கப்பல் மேற்கிந்தியத் தீவுகளில் கரைதட்டிச் சிதைந்தது. அடுத்து உலகப் போர் குறுக்கிட்டது. 1920-22 இல் டானா கப்பல்களின் பயணங்களில், சுமார் 5 மில்லிமீட்டர் நீளக் குடம்பிகள் சர்காசோவில் பிடிபட்டன.

1930 இல் டார்வின் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. எனினும் முட்டையையோ முட்டையிடும் விலாங்கையோ இவர் அங்கு கண்டதில்லை, பின்வந்தோரும் கண்டதில்லை. அசோரெஸ் தீவுகளிலிருந்து செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட விலாங்குகள் சர்காசோவை அடைந்தமை 2022 இல் வெளியிடப்பட்டது.