பழைய விமானங்களில் விரிசல் தேடுவது ஏன் கட்டாயம்? பின்னணியில் ஜெஃப்ரி டி ஹாவிலாண்டின் கதை

விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் என்ன செய்வோம்? மேகத்தைப் பார்ப்போம், இறக்கையோடு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். ஆனா அந்த விமானத்தின் உடல் தகட்டில் முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று ஒருவர் கருவி வைத்துத் தேடியிருப்பார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விமானம் பழசாக ஆக, இந்தத் தேடல் இன்னும் கட்டாயம். செய்யவில்லை என்றால் பறக்க அனுமதி கிடையாது.

இந்த விதி ஒரே நாளில் வந்ததில்லை. இதன் முதல் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். அதை உருவாக்கியவர் ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட்.

யார் இவர்?

1882 ஜூலை 27-ம் தேதி இங்கிலாந்தில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். இன்ஜினியரிங் படித்தார், மோட்டார் துறையில் வேலை பார்த்தார். மனசு முழுக்க விமானம்தான். அம்மாவழித் தாத்தா தனக்குப் பிறகு தருவதாக இருந்த 1,000 பவுண்டை முன்கூட்டியே கொடுத்தார். அந்தப் பணத்தில் நண்பர் ஃபிராங்க் ஹெர்லோடு சேர்ந்து ஒரு விமானத்தைக் கட்டினார். இறக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தவர் மனைவி லூயிஸ்.

1909 கடைசியில் அந்த விமானம் சில நொடிகள் மேலே எழும்பி, கீழே விழுந்து நொறுங்கியது. அவருக்குப் பெரிய காயம் இல்லை. இன்ஜினை மட்டும் மீட்டு, இரண்டாவது விமானத்தைக் கட்டினார். 1910-ல் அது பறந்தது. பிரிட்டிஷ் அரசு அதை 400 பவுண்டுக்கு வாங்கி, அவரையும் ஃபார்ன்பரோவில் இருந்த தனது தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. இந்த ஃபார்ன்பரோ என்ற பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில் இன்னொரு முறை வரும்.

சென்னைக்கு வந்த அந்துப்பூச்சி

1920-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பூச்சிகளை ஆராய்வதில் அவருக்கு ஆர்வம் அதிகம். அதனால்தான் அவரது சின்ன விமானங்களுக்கு அந்துப்பூச்சியைக் குறிக்கும் 'மாத்' என்ற பெயர் வந்தது. டைகர் மாத், புஸ் மாத் எல்லாம் அந்தக் குடும்பம்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது ஒரு புஸ் மாத் விமானத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலை ஓட்டி வந்தார். ஏர் இந்தியாவின் கதை தொடங்கியது அங்கேதான்.

அடுத்தடுத்து இழப்புகள்

இரண்டாம் உலகப்போரில் அவரது கம்பெனி மரத்தாலேயே செய்த மஸ்கிட்டோ விமானம் பெரும் வெற்றி பெற்றது. ஆனா 1943-ல் இரண்டு மஸ்கிட்டோ விமானங்கள் வானத்தில் மோதிக்கொண்டபோது, அவரது கடைசி மகன் ஜான் உயிரிழந்தார். மூன்று வருடம் கழித்து, 1946 செப்டம்பர் 27-ல் மூத்த மகன் ஜெஃப்ரி, கம்பெனியின் சோதனை ஜெட் ஒன்றை ஓட்டும்போது அது தேம்ஸ் முகத்துவாரத்தின் மேலே உடைந்து சிதறியது. அவரும் பிழைக்கவில்லை. மனைவி லூயிஸ் 1949-ல் காலமானார்.

இரண்டு மகன்களையும் தன் கம்பெனி விமானங்களிலேயே பறிகொடுத்த மனிதர் அவர். ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை.

பிறந்தநாளில் பறந்த காமெட்

1949 ஜூலை 27. அவருக்கு 67-வது பிறந்தநாள். அன்றுதான் காமெட் முதல் முறையாகப் பறந்தது. 1952 மே 2-ல் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு கிளம்பியது. ஜெட் இன்ஜினில் கட்டணப் பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் முதல் சேவை அது. வேகம் அதிகம், அதிர்வு குறைவு, உயரம் கிட்டத்தட்ட 40,000 அடி வரை.

சிக்கல் அந்த உயரத்தில்தான். அவ்வளவு மேலே வெளிக்காற்று மிக மெல்லியது. பயணிகள் மூச்சுவிட, கேபினுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் விமானத்தின் உடல் பலூன் மாதிரி லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். இப்படி ஒரு முறை ஏறி இறங்குவதை ஒரு சைக்கிள் என்பார்கள்.

ஒரு கட்டுக்கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது. இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று உடையும், இல்லையா? அதேதான் இதுவும். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. சின்ன விரிசல் ஒன்று எங்கோ தொடங்கி, சத்தமில்லாமல் வளர்ந்து, ஒரு நாள் மொத்தமாகக் கிழிக்கும்.

மூன்று விபத்துகள்

1953 மே 2-ல், சேவை தொடங்கி சரியாக ஒரு வருடம் ஆன நாளில், கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய காமெட் புயல் காற்றில் உடைந்து விழுந்தது. 43 பேர் பலி. காரணம் புயல்தான் என்று முடிவானது.

1954 ஜனவரி 10-ல் ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய காமெட், எல்பா தீவு அருகே கடலில் விழுந்தது. 35 பேர் பலி. 1952-ல் முதல் சேவையை ஓட்டிய அதே விமானம்தான் இது. காமெட்கள் நிறுத்தப்பட்டன, சில மாற்றங்கள் செய்யப்பட்டன, மார்ச்சில் திரும்பவும் பறந்தன. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 8-ல், ரோமிலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பிய இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. 21 பேர் பலி. இந்த முறை பறக்கும் அனுமதியே ரத்தானது.

தண்ணீர்த் தொட்டி சொன்ன உண்மை

விசாரணைப் பொறுப்பு போன இடம் எது தெரியுமா? அதே ஃபார்ன்பரோ. டி ஹாவிலாண்ட் இளைஞனாக வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தின் வழிவந்த அரசு ஆய்வகம்.

சர் ஆர்னால்ட் ஹால் தலைமையிலான குழு, சேவையில் இருந்த ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் நிரப்பியது. உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, பறப்பதைப் போலவே திரும்பத் திரும்பச் சோதித்தது. ஏன் தண்ணீர்? காற்று நிரப்பிச் சோதித்தால் உடையும்போது வெடித்துச் சிதறும், எங்கே தொடங்கியது என்றே தெரியாது. தண்ணீரில் கிழிந்த இடம் அப்படியே நிற்கும்.

நிஜமாகப் பறந்தது 1,221 சைக்கிள், தொட்டியில் 1,836. மொத்தம் 3,057-ல் அவசர வழித் திறப்பின் அருகே உடல் கிழிந்தது. பிறகு ஒரு இத்தாலிய மீன்பிடிப் படகின் வலையில், எல்பா விமானத்தின் கூரைத் துண்டு சிக்கியது. அதில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ரிவெட் ஓட்டைப் பக்கத்தில் அதே மாதிரி சோர்வு விரிசல்.

சதுர ஜன்னல்களால்தான் காமெட் விழுந்தது என்று ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அது பாதி உண்மை. திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்தது நிஜம். ஆனா எல்பாவில் விரிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் இல்லை, கூரையில்.

கம்பெனி டெஸ்ட் பண்ணலையா?

பண்ணினார்கள். அங்கேதான் வலி. அவர்களது சோதனை உடல் 16,000 முறைக்கு மேல் அழுத்தத்தைத் தாங்கியது. ஆனா அதே உடலை அதற்கு முன்பே மிக அதிக அழுத்தத்தில் சோதித்திருந்தார்கள். அந்த அதிக அழுத்தம் ஓட்டைகளைச் சுற்றிய உலோகத்தை இறுக்கி, விரிசல் தொடங்குவதைத் தள்ளிப்போட்டது. சோதனை உடல் நிஜ விமானத்தைவிடப் பலசாலி ஆகிவிட்டது. எல்பாவில் விழுந்த விமானம் பறந்தது வெறும் 1,290 முறை.

நீதிபதி கோஹன் தலைமையில் நடந்த பொது விசாரணை, கம்பெனியின் மீது அலட்சியக் குற்றம் சுமத்தவில்லை. யாரும் முழுதாக அறியாத ஒன்று அது. ஆனா முடிவுகள் மறைக்கப்படவில்லை. போட்டிக் கம்பெனிகளும் அதிலிருந்து கற்றுக்கொண்டன.

தடித்த தகடும் வளைந்த ஜன்னலும் கொண்ட காமெட் 4, 1958 அக்டோபர் 4-ல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. சில வாரங்களில் போயிங் 707 வந்தது, சந்தையை எடுத்துக்கொண்டது. 1960-ல் அவரது கம்பெனி ஹாக்கர் சிட்லி வசம் போனது. 70 வயது வரை தானே விமானம் ஓட்டிய டி ஹாவிலாண்ட், 1965 மே 21-ல் காலமானார். முதன்முதலில் பறந்த அதே வெளியில் அவரது சாம்பல் தூவப்பட்டது.

சரி, இன்றைக்கு என்ன?

பாடம் அதோடு முடியவில்லை. ஒரு பாகம் உடைந்தாலும் பக்கத்துப் பாகம் தாங்கும்படி விமானங்களை வடிவமைத்தார்கள். ஆனா 1977-ல் ஜாம்பியாவின் லுசாகாவில் ஒரு பழைய போயிங் 707 சரக்கு விமானம், வால் பகுதியில் வளர்ந்த விரிசலால் விழுந்தது. கூடுதல் பலம் இருந்தாலும், விரிசலைத் தேடிக் கண்டுபிடிக்காவிட்டால் பயனில்லை என்று அப்போதுதான் உறைத்தது. விரிசல் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, அது ஆபத்தாக வளர்வதற்குள் எத்தனை முறை தேட வேண்டும் என்று கணக்கிடும் முறை 1978-ல் அமெரிக்க விதிகளில் வந்தது.

1988 ஏப்ரல் 28-ல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 19 வயது போயிங் 737-ன் கூரை, நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் பறந்தது 89,680 முறை. ஏறும்போதே ஒரு பயணி கதவருகே விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் வயதான விமானங்களுக்கான கட்டாயச் சோதனைகள் உலகம் முழுக்க இறுகின. மின்காந்தக் கருவி, அல்ட்ராசவுண்ட் என்று, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் வழிகள் இன்று பல. 2019-ல் போயிங் 737 என்ஜி ரகத்தில் இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் விரிசல் தெரிந்தபோது, 30,000 சைக்கிள் தாண்டியவற்றை ஏழே நாளில் சோதிக்கச் சொன்னது அமெரிக்க விமானத் துறை.

அதனால் அடுத்த முறை உங்கள் ஃப்ளைட் பராமரிப்புக்காகத் தாமதம் என்று அறிவித்தால், கோபம் வரத்தான் செய்யும். ஆனா யாரோ ஒருவர் டார்ச்சோடும் கருவியோடும் ஒரு ரிவெட் ஓட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1954-ல் காமெட்டின் கூரையை அப்படிப் பார்க்க ஒரு விதி இருந்திருந்தால், அந்த 56 பேரில் பலர் வீடு திரும்பியிருக்கலாம்.