அடித்தல் திருத்தல் ஓவியமான கதை

நுழையும் முன்

நாள்தோறும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் பாடும் நாட்டுப்பண்ணை இயற்றியவர் இரவீந்திரநாத தாகூர். அவரைக் கவிஞராக, நாடக ஆசிரியராக, கல்வியாளராக உலகம் அறியும். அவர் ஓர் ஓவியரும் ஆவார். அறுபது வயதைக் கடந்த பின்னரே அவருடைய ஓவியக்கலை மலர்ந்தது. அது தொடங்கிய இடம் வண்ணப் பலகையன்று. எழுதிக்கொண்டிருந்த பேனாவின் முனை. அந்த வரலாற்றை இப்பாடத்தில் கற்போம்.

இளமைப் பருவம்

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில், ஜோராசங்கோ என்னும் பகுதியில் இருந்த பெரிய மாளிகையில் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாத்; தாயார் சாரதா தேவி. பள்ளிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருப்பது சிறுவன் இரவீந்திரனுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே ஆசிரியர்கள் வீட்டிற்கே வந்து கற்பித்தனர். விடியற்காலையில் மற்போர்ப் பயிற்சி, பின்னர் கணக்கு, வடமொழி, அறிவியல், இசை, ஓவியம் என்று பொழுதெல்லாம் பாடங்கள் நிறைந்திருந்தன.

அந்த வீட்டில் கலைக்குக் குறைவில்லை. அண்ணன் ஜோதிரிந்திரநாத் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பென்சிலால் அப்படியே தீட்டுவதில் வல்லவர். உறவில் அண்ணன் மகன்களாகிய அவனீந்திரநாத், ககனேந்திரநாத் இருவரும் புகழ்பெற்ற ஓவியர்களாக வளர்ந்தனர். அவனீந்திரநாத் நம் கவிஞரை ரவி காகா என்றே அழைப்பார். காகா என்பது வங்க மொழியில் சிற்றப்பாவைக் குறிக்கும். உங்கள் வகுப்பில் உள்ள வங்கத் தோழர்கள் அச்சொல்லை வழங்கக் கேட்டிருப்பீர்கள்.

பென்சிலும் அழிப்பானும்

தாகூருக்கும் வரைய வேண்டும் என்னும் ஆவல் இருந்தது. ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. 1900ஆம் ஆண்டில், தம் நண்பரும் அறிவியலறிஞருமான ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய மடலில் தம் ஓவிய முயற்சியைத் தாமே நகையாடியிருந்தார். பென்சிலைக் காட்டிலும் அழிப்பானுக்கே வேலை மிகுதி என்றும், அழிப்பதில் தமக்கு நல்ல தேர்ச்சி உண்டாகி வருகிறது என்றும் அம்மடலில் குறிப்பிட்டிருந்தார். இவ்வாறு கோடு போடுவதும் அழிப்பதுமாகச் சில காலம் சென்றது. பின்னர் அந்த முயற்சி நின்றுபோயிற்று.

அதன்பின் அவர்தம் வாழ்வில் பெரும்பணிகள் பல நிகழ்ந்தன. 1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனில் மரநிழலில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து, ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை 1919ஆம் ஆண்டில் துறந்தார். 1921ஆம் ஆண்டில் விசுவபாரதியை நிறுவினார். இத்தனைக்கும் இடையே எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

ஊற்றுப்பேனா

முற்காலத்தில் நாணற்குச்சியையோ பறவையின் இறகையோ சீவி, மைக்கூட்டில் தோய்த்து எழுதினர். பின்னர் எஃகு முள் வந்தது. அதையும் சில சொற்களுக்கு ஒருமுறை மையில் தோய்க்க வேண்டும். பேனாவின் உள்ளேயே மையைத் தேக்கி வைத்துச் சீராகக் கசியவிடும் முறைக்கு 1884ஆம் ஆண்டில் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றார். அம்முறை உலகெங்கும் பரவியது.

ஊற்றுப்பேனாவின் முள்ளை உற்று நோக்குங்கள். அதன் நடுவே மயிரிழை போன்ற பிளவு ஒன்று இருக்கும். முள்ளின் அடியில் உள்ள நாக்குப் போன்ற பகுதியிலும் மெல்லிய பள்ளங்கள் இருக்கும. மிகக் குறுகிய வழியில் நீர்மம் தானாகவே ஊர்ந்து செல்லும் இயல்புடையது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வியல்பினாலேதான். மை வெளியேறும் அளவிற்குக் காற்று உள்ளே சென்று அவ்விடத்தை நிரப்புகிறது. அதனால் மை கொட்டிவிடாமலும் நின்றுவிடாமலும் இறங்குகிறது.

தமிழில் இதற்கு ஊற்றுப்பேனா என்று பெயர். வங்க மொழியில் ஜர்னா கலம் என்பர். ஜர்னா என்றால் அருவி அல்லது நீரூற்று. கலம் என்றால் எழுதுகோல். அப்பெயரைச் சூட்டியவர் தாகூரே என்று வங்க மக்கள் கூறுவர். இருமொழிகளிலும் நீர் ஊறிவரும் அழகே பெயராக அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

பென்சிலுக்கும் பேனாவுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பென்சில் கோட்டை அழிக்கலாம். மைக்கோட்டை அழிக்க இயலாது. பிழை நேர்ந்தால் அடிக்கலாம். அடித்த கோடும் தாளில் நிலைத்துவிடும். தாகூரின் ஓவியக்கலைக்கு இதுவே வழி திறந்தது.

அடித்த சொற்களின் வடிவங்கள்

தாகூர் தம் கவிதைகளைப் பலமுறை திருத்துவார். ஒரு சொல்லை அடித்து வேறொரு சொல்லை இடுவார். சிலபோது முழு அடியையும் நீக்குவார். அடிக்கப்பட்ட சொற்கள் தாளில் ஆங்காங்கே கருந்திட்டுகளாகச் சிதறிக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. அவற்றை ஓர் ஒழுங்கிற்குள் கொண்டுவர விரும்பினார். ஒரு திட்டிலிருந்து மற்றொரு திட்டிற்குக் கோடு இழுத்து இணைத்தார். அவ்வாறு இணைத்தபோது ஓரிடத்தில் பறவையின் அலகு தோன்றியது. மற்றோரிடத்தில் பாம்பின் உடல் நெளிந்தது. வேறோரிடத்தில் பெயர் தெரியாத விலங்கொன்று வாய் திறந்தது. எஞ்சிய கவிதை அடிகள் அவ்வுருவங்களுக்கு இடையே தெளிவாக நின்றன.

1923ஆம் ஆண்டில் எழுதிய இரக்த கரவி என்னும் நாடகத்தின் கையெழுத்துப் படியில் இத்தகைய வடிவங்களைக் காணலாம். அடுத்த ஆண்டில் பூரபி என்னும் கவிதைத் தொகுதியை எழுதியபோது அவை இன்னும் பெருகின. சில பக்கங்களில் எழுத்தைவிடக் கோலமே மிகுதி. இவற்றுக்கு முன்கூட்டிய திட்டம் ஏதும் இல்லை. பேனா செல்லும் வழியே கண் சென்றது. கண் கண்டதைப் பேனா நிறைவு செய்தது.

ஆற்றங்கரை வீட்டில்

1924ஆம் ஆண்டின் இறுதியில் பெரு நாட்டின் அழைப்பை ஏற்றுத் தாகூர் கப்பலில் புறப்பட்டார். வழியில் உடல்நலம் குன்றியதால் அர்ச்சென்டினா நாட்டில் தங்க நேர்ந்தது. விக்டோரியா ஒகாம்போ என்னும் எழுத்தாளர், பியூனஸ் அயர்ஸ் நகரை அடுத்த சான் இசித்ரோவில் ஆற்றை நோக்கிய ஒரு வீட்டில் அவரைத் தங்கவைத்துப் பேணினார். ஒருநாள் கவிஞரின் குறிப்பேட்டைக் கண்ட அம்மையார் வியப்புற்றார். அவருக்கு வங்க எழுத்துத் தெரியாது. ஆயினும் அடித்தல்களில் இருந்து எழுந்த உருவங்கள் அவருடன் பேசின. மொழி அறியாத ஒருவரிடமும் கோடு பேசும் என்பதைத் தாகூர் அங்கே உணர்ந்தார்.

தாயகம் திரும்பிய கவிஞர், ஏறத்தாழ 1928ஆம் ஆண்டு முதல் எழுத்தை விட்டு விலகித் தனித் தாளிலும் வரையலானார். பேனா, வண்ண மைகள், தூரிகை, கந்தைத் துணி, தம் விரல் நுனி என எது கைக்குக் கிட்டியதோ அதுவே கருவியாயிற்று. ஒரு படத்தைப் பெரும்பாலும் ஒரே அமர்வில் முடித்துவிடுவார். நீள்வட்ட முகமுடைய பெண்கள், முகமூடி போன்ற முகங்கள், கனவில் வரும் விலங்குகள், அந்திப் பொழுதின் மரங்கள் ஆகியன அவர் விரும்பித் தீட்டியவை. படங்களுக்கு அவர் பெரும்பாலும் தலைப்பு இடுவதில்லை. பார்ப்பவரே பொருள் காணட்டும் என்பது அவர் எண்ணம்.

பாரிசு நகரில் முதற் கண்காட்சி

உலகப்புகழ் பெற்ற கவிஞர் ஒருவர், முறையாகப் பயிலாத கலையை முதுமையில் பலர் முன்னிலையில் வைப்பது எளிதன்று. எள்ளி நகையாடுவாரும் இருப்பர். தாகூருக்கும் தயக்கம் இருந்தது. எனவே தம் படங்களை முதலில் அயல்நாட்டில் வைக்க விரும்பினார். ஒகாம்போ அம்மையார் முன்னின்று உதவ, பாரிசு நகரில் பிகால் ஓவியக்கூடத்தில் 1930ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் முதற் கண்காட்சி தொடங்கியது. கவிஞருக்கு 69 வயது நிறைவடைய ஐந்து நாள்களே இருந்தன. அவ்வாண்டிலேயே இலண்டன், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்களிலும் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன. பின்னரே கல்கத்தா மக்கள் அவற்றைக் கண்டனர். வாழ்நாளில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் படைத்தார்.

அக்காலத்தில் அயல்நாட்டு மைக்கு ஈடாக நம் நாட்டு மை வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றிருந்தது. 1934ஆம் ஆண்டில் வங்கத்தின் இராஜசாகியில் மைத்ரா உடன்பிறப்புகள் சுலேகா மையைத் தயாரிக்கத் தொடங்கினர். காஜல் காளி என்னும் மற்றோர் உள்நாட்டு மையைத் தாகூர் பயன்படுத்திப் பார்த்து, அதன் கருமை அயல்நாட்டு மைக்குக் குறைந்ததன்று என நற்சான்று வழங்கினார். கவிஞரின் மேசைமேல் இருந்த மைப்புட்டியிலும் விடுதலை வேட்கை குடியிருந்தது.

நம் தீவுகளும் கவிஞரும்

முன்னர் போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட நகரில் உள்ள சிற்றறைச் சிறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொடக்க காலத்தில் அங்கு அடைக்கப்பட்ட விடுதலை வீரர்களுக்குத் தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்டன. ஆணியால் சுவரில் கீறி எழுதியவரும் உண்டு. 1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தாயகச் சிறைகளுக்குத் தங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கோரி, இங்கிருந்த அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். அச்செய்தி கல்கத்தாவை எட்டியது. ஆகஸ்டுத் திங்களில் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் 76 வயதான தாகூர் தலைமையேற்றுக் கைதிகளுக்காகக் குரல் கொடுத்தார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, அடுத்த திங்கள் முதல் கைதிகள் தாயகத்திற்குத் திரும்பத் தொடங்கினர்.

அதே செப்டம்பர் திங்களில் தாகூர் கடும் நோயுற்று நினைவிழந்தார். உற்றாரும் மருத்துவரும் கலங்கினர். நினைவு திரும்பியதும் அவர் வண்ணமும் தூரிகையும் கேட்டார். அருகில் இருந்த ஒட்டுப்பலகைத் துண்டொன்றின் மேல் ஓர் இயற்கைக் காட்சியைத் தீட்டினார். சொல் வருமுன்னர் அவருக்கு வண்ணம் வந்தது.

நிறைவு

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த ஜோராசங்கோ மாளிகையிலேயே தாகூர் இயற்கை எய்தினார். அவருடைய ஓவியங்களும் கையெழுத்துப் படிகளும் சாந்திநிகேதனில் உள்ள இரவீந்திர பவனிலும், ஓவியங்கள் பல புதுதில்லியில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்திலும் காக்கப்படுகின்றன. அவை நாட்டின் கலைக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. கவிஞர் அடித்த சொற்களை நகலெடுப்பவர் விட்டுவிட்டு, திருத்திய பாடலை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் போதும் என்று அன்று பலர் நினைத்திருக்கக் கூடும். அவ்வாறு அந்தத் தாள்கள் கழிக்கப்படாமல் காக்கப்பட்டமையால், ஓர் ஓவியர் பிறந்த பக்கங்களை இன்று நாம் காண முடிகிறது.

சொற்பொருள்

அழிப்பான் – இரப்பர்
மைக்கூடு – மை ஊற்றி வைக்கும் சிறு கலம்
முள் – பேனாவின் எழுதும் முனை
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
கையெழுத்துப் படி – ஆசிரியர் தம் கையால் எழுதிய மூலம்
கருவூலம் – அரும்பொருள்களைக் காக்கும் இடம், அரும்பொருள்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தாகூர் ஜகதீச சந்திர போசுக்கு எழுதிய மடலில் எதைக் குறித்து நகையாடினார்?
2. ஊற்றுப்பேனாவில் மை சீராக இறங்குவது எங்ஙனம்?
3. ஒகாம்போ அம்மையார் குறிப்பேட்டைக் கண்டு வியந்தது ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. பென்சிலால் இயலாதது பேனாவால் தாகூருக்கு எவ்வாறு இயன்றது?
2. அந்தமான் கைதிகளுக்காகத் தாகூர் ஆற்றிய தொண்டினை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
1. நற்சான்று 2. மைக்கூடு 3. நாட்டுப்பண் 4. கருந்திட்டு

ஈ. செயல்பாடு
உங்கள் கட்டுரை ஏட்டில் அடித்தல் திருத்தல் மிகுந்த ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மைப்பேனாவால் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து ஓர் உருவம் அமையுங்கள். கடற்பறவை, நண்டு, சிப்பி, தென்னை என எது தோன்றினும் நன்று. அதன்கீழ் அவ்வுருவத்தைப் பற்றி ஐந்து தொடர்கள் தமிழில் எழுதுங்கள். வீட்டில் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ அவர்கள் பள்ளியில் எழுதிய பேனாவையும் மையையும் குறித்துக் கேட்டு, வகுப்பில் கூறுங்கள்.