ஆசஃப் அலி

ஆசஃப் அலி (1888 - 1953) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் ஆவார். ஐக்கிய அமெரிக்காவுக்கான இந்தியாவின் முதல் தூதுவர் இவரே. பிரித்தானிய அரசு தொடுத்த வழக்குகளில் விடுதலைப் போராளிகளுக்காக வாதாடியதற்காக இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்த ஆசஃப் அலி, தில்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் கற்றார். பின்னர் இலண்டனில் உள்ள லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். 1928 இல், தம்மைவிட ஏறத்தாழ 20 வயது இளையவரான அருணா கங்குலியை மணந்தார். மதம் கடந்த இத்திருமணத்தை அருணாவின் குடும்பத்தார் எதிர்த்தனர்.

வழக்கறிஞர் பணி

1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் படுகேசுவர் தத்தும் தில்லியில் நடுவண் சட்டமன்றத்தில் குண்டு வீசினர். இவ்வழக்கில் ஆசஃப் அலி தத்துக்காக வாதாடினார். தமது வழக்கைத் தாமே நடத்திய பகத் சிங்குக்குச் சட்ட ஆலோசகராக இருந்தார். இருவரின் கூட்டறிக்கை சூன் 6 அன்று நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. இருவருக்கும் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. குண்டு வீசப்பட்ட அதே அவைக்கு ஆசஃப் அலி பின்னாளில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறைவாசம்

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, 1942 ஆகத்து 9 அன்று காங்கிரசுத் தலைவர்களுடன் மும்பையில் கைது செய்யப்பட்டார். அன்றே அருணா அந்நகரின் கோவாலியா குளத் திடலில் காங்கிரசுக் கொடியை ஏற்றி, பின்னர் தலைமறைவானார். கணவர் அகமதுநகர் கோட்டையில் சிறைப்பட்டிருக்க, மனைவி காவல்துறையால் தேடப்பட்டு வந்தார். நேரு அக்கோட்டையில் எழுதிய 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலின் முன்னுரையில், தமக்கு உதவிய உடன்கைதிகளுள் ஒருவராக ஆசஃப் அலியைக் குறிப்பிட்டுள்ளார்.

இந்திய தேசிய இராணுவ வழக்கு

விடுதலைக்குப் பின், இந்திய தேசிய இராணுவத்தினருக்காக 1945 இல் காங்கிரசு அமைத்த வழக்கறிஞர் குழுவின் ஒருங்கிணைப்பாளரானார். செங்கோட்டையில் நடந்த விசாரணையில் புலாபாய் தேசாய் முதன்மை வழக்கறிஞராக வாதாடினார். சா நவாசு கான், சேகல், தில்லான் ஆகிய மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் மக்கள் கொந்தளிப்பின் விளைவாக 1946 சனவரியில் அத்தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டது.

தூதுவர் பணி

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் இரயில்வே, போக்குவரத்துத் துறைகளின் பொறுப்பேற்றார். 1947 பெப்ரவரியில் வாசிங்டனில் தூதுவரானார். அப்போது இந்தியா விடுதலை பெற்றிருக்கவில்லை. ஆகத்து 15க்குப் பின், புதிய நாட்டின் குரலாக 1948 வரை அங்கு பணியாற்றினார். 1948 முதல் 1952 வரை, இடையில் சிறிது காலம் தவிர, ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். அதன்பின் சுவிட்சர்லாந்துக்கான இந்தியத் தூதரானார்.

மறைவு

தூதர் பொறுப்பில் இருந்தபோதே 1953 ஏப்ரலில் பெர்ன் நகரில் காலமானார். 1989 இல் இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.